மொரிஸ் மைனர் கார், 948 சிசி: பழைய எஸ்.யூ. எச்2 காபரேட்டர் பொருத்துதல்

கேள்வி: பாவித்த எச்2 காபரேட்டர் (பெற்றோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) ஒன்றை வாங்கிப் பூட்டினேன். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் ஜெட்டின் (பெற்றோல் வெளிவரும் சிறு குழாய்) அடியில் பெற்றோல் துளித்துளியாகக் கசிவதுடன், ஐட்லிங் வேகமும் நிலைகொள்ளவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1: கசிவு நிற்கும்வரை எஞ்சினை இயக்காதீர்கள், நேர் கீழே சூடான எக்ஸோஸ்ட் மேனிபோல்ட் (எஞ்சின் புகை வெளியேறும் குழாய்) இருக்கிறது. எச் வகையில் ஜெட்டைச் சுற்றியுள்ள தக்கை வளையங்கள் காய்ந்து சுருங்கியிருக்கும். புதியவற்றை எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டியபின், காபரேட்டர் பிஸ்டனின் ஊசி உரசாதபடி ஜெட்டை மையப்படுத்துங்கள். அந்தப் பிஸ்டனை உயர்த்தி விட்டால், அது 'டக்' என்ற ஓசையுடன் தடையின்றி அமர வேண்டும்.

பதில் 2: த்ரோட்டில் தண்டை (எஞ்சினுக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தகட்டின் தண்டு) விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அவ்வழியே காற்றுப் புகுகிறது. அதைச் சீர்செய்யாமல் கலவையைத் திருகிக்கொண்டிருப்பது வீண்.

கேட்டவர்: ஆட்டம் நன்றாகவே தெரிகிறது, ஐயா. புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) போடுவதற்கு லேத் பட்டறைக்குக் கொடுக்கிறேன்.