கேம் ஐடி போன கதையைச் சொல்லுங்கள்

தொடங்கியவர், கோயம்புத்தூர்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது சில வருடம் முன்னால். பகலில் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரி கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேம். அதை ஆடும் ஸ்டீம் தளத்தில் பத்து வருடக் கணக்கு. இன்வென்டரியில், அதாவது கேமுக்குள் நான் சேர்த்துவைத்த பொருட்களில், ஒரு கத்தி, ஏ.கே. துப்பாக்கிக்குப் போடும் இரண்டு மூன்று நல்ல ஸ்கின் (அலங்கார உறை).

ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு நண்பனிடமிருந்து ஸ்டீம் சாட்டில் மெசேஜ். "ப்ரோ, எங்க டீம் ஒரு டோர்னமென்ட்ல இருக்கு, ஒரு ஓட்டுப் போடு." கீழே லிங்க். அவனும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவன் வாயிலிருந்து 'மாப்ள' தவிர வேறு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அந்த 'ப்ரோ' அன்றைக்கே உறுத்தியிருக்க வேண்டும். தூக்கக் கலக்கம், உறுத்தவில்லை.

பக்கம் அழகாக இருந்தது. டீம்களின் பட்டியல், லோகோ, யாருக்கு எத்தனை ஓட்டு என்று எல்லாம். 'ஸ்டீம் மூலம் உள்நுழைக' பட்டனை அழுத்தினேன், சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது. முகவரியைப் பார்த்தேன். பச்சைப் பிள்ளை இல்லை நான், பார்க்காமல் இருப்பேனா? ஸ்டீமின் சரியான முகவரி, பக்கத்தில் பூட்டுப் படம். பாஸ்வேர்டைத் தட்டினேன். மொபைலில் வரும் ஐந்தெழுத்துக் குறியீட்டைக் கேட்டது, அதையும் தட்டினேன். 'பிழை, மீண்டும் முயலவும்' என்றது. மீண்டும் முயன்றேன்!

காலையில் எழுந்து பார்த்தால் ஒன்றும் போகவில்லை. கத்தி இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. சரி, ஏதோ மொக்கை சைட் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்தக் கத்தியைத் தெரிந்த ஒருவருக்கு ட்ரேடில் (ஸ்டீமில் பொருளைக் கைமாற்றும் வழி) அனுப்பினேன். மொபைலில் உறுதி செய்யச் சொன்னது. அவர் பெயர், அவர் படம். அழுத்தினேன். பத்து நிமிடம் கழித்து அவரிடமிருந்து போன்: "எனக்கு ஒண்ணும் வரலையேப்பா?"

அந்த ராத்திரி என் கணக்குக்குள் நுழைந்தவன் எதையும் தொடவில்லை. என் பெயரில் ஒரு ஏபிஐ கீ (என் ட்ரேடுகளை ஒரு நிரல் கவனிக்கவும் ரத்து செய்யவும் வழிவிடும் சாவி) மட்டும் உருவாக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். நான் ட்ரேட் அனுப்பிய நொடியில் அவனுடைய பாட், அதாவது தானாக ஓடும் நிரல், அதை ரத்து செய்துவிட்டு, அதே பெயரும் படமும் வைத்த வேறொரு கணக்குக்கு அதே பொருளோடு இன்னொரு ட்ரேடைப் போட்டுவிட்டது. நான் உறுதி செய்தது அதைத்தான். அந்தத் திரையிலேயே எதிராளியின் லெவலும் கணக்கு தொடங்கிய தேதியும் இருந்தன. நம்ம ஆள் 2014-லிருந்து ஸ்டீமில் இருப்பவர், இந்தக் கணக்குக்கு வயது மூன்று வாரம். படத்தைப் பார்த்தேனே தவிர தேதியைப் பார்க்கவில்லை.

கணக்கு இன்னும் என் கையில்தான் இருக்கிறது. கத்திதான் போச்சு. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

மறுமொழி 1, ஓசூர்

அண்ணா, நீங்கள் பார்த்தது ஜன்னலே இல்லை. ஜன்னல் மாதிரி வரைந்த படம். முகவரிப் பட்டை, பூட்டு, மூடும் பட்டன் எல்லாம் அந்தப் பக்கத்துக்குள்ளேயே வரைந்து வைத்தவை. 2022-லிருந்து ஸ்டீம் கணக்குகளை இதை வைத்துத்தான் அடிக்கிறார்கள். அந்தச் சின்ன ஜன்னலின் தலையைப் பிடித்து பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். நிஜ ஜன்னல் என்றால் டெஸ்க்டாப்புக்கு வரும். படமாக இருந்தால் பிரவுசர் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். நான் இப்போது எங்கே லாகின் ஜன்னல் வந்தாலும் ஒருதரம் இழுத்துப் பார்க்கிறேன். ஆபீஸில் பக்கத்து சீட்காரர் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. ஏற்கெனவே ஸ்டீமில் லாகின் செய்திருக்கும் பிரவுசரில் நிஜமான ஸ்டீம் பக்கம் திரும்பவும் பாஸ்வேர்டு கேட்காது, 'இந்தக் கணக்கில் நுழையவா' என்று ஒரு பட்டன்தான் காட்டும். பாஸ்வேர்டு கேட்டதுமே கை நிற்க வேண்டும்.

மறுமொழி 2, திருநெல்வேலி

நான் கேம் ஆடுபவள் இல்லை. என் மகன் ஆடுவான், எட்டாவது படிக்கிறான். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். அந்த ஐடியை என் ஃபேஸ்புக் கணக்கோடுதான் இணைத்து வைத்திருந்தான், எனக்கு அதுவே அப்போது தெரியாது.

'இலவச டைமண்ட்' (அந்த கேமுக்குள் செலவழிக்கும் காசு) என்று ஒரு வீடியோவுக்குக் கீழே லிங்க் இருந்திருக்கிறது. கேமில் இருக்கும் அவன் எண்ணைக் கேட்டதாம், கொடுத்தானாம். எத்தனை டைமண்ட் வேண்டும் என்று கேட்டதாம், அதிகபட்சத்தைத் தொட்டானாம். கடைசியில் 'ஃபேஸ்புக்கில் நுழைந்து உறுதி செய்யவும்'. என் பாஸ்வேர்டு அவனுக்கு மனப்பாடம். போனை வாங்கிக் கொடுத்த நாளில் அவன்தானே எனக்கு எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது சென்னையிலிருந்து சித்தி மகள் கூப்பிட்டாள். "எக்கா, அவசரம்னு ஐயாயிரம் கேட்டியளே, ராத்திரியே போட்டுட்டேன், வந்துச்சா?" எனக்குக் கரண்டி கையிலிருந்து நழுவிவிட்டது. என் கணக்கிலிருந்து பதினேழு பேருக்கு மெசஞ்சரில் அப்படிப் போயிருக்கிறது. பணம் போட்டது அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும், நான் கடன் கேட்கிற ஆள் இல்லை.

உடனே அவளை சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடச் சொன்னேன். ஏமாந்த பணம் யாருடையதோ அவர்தான் பேச வேண்டும், பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். எதிராளி அந்தக் கணக்கிலிருந்து பணத்தை எடுப்பதற்குள் முடக்கினால்தான் உண்டு. ராத்திரியே தெரிந்திருந்தால் முழுசாகக் கிடைத்திருக்குமோ என்னவோ. இரண்டாயிரம் முடங்கி நின்றது, மீதி போய்விட்டது.

மகனுக்கு ராத்திரியே தெரியும். ஐடியிலிருந்து வெளியே தள்ளிவிட்டது, திரும்ப நுழைய முடியவில்லை. போர்வைக்குள் அழுதுகொண்டு கிடந்திருக்கிறான், சொல்லவில்லை. அடி விழும் என்று பயம். அதற்கு நான்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு முந்தின மாதம் டைமண்ட் வாங்க இருநூறு ரூபாய் கேட்டதற்கு நான் போட்ட சத்தம் கொஞ்சமா?

மறுமொழி 3, திருச்சி

பேராசைப்பட்டால் இப்படித்தான். இலவசம் என்றதும் ஓடினால் யார் என்ன செய்வது?

மறுமொழி 4, திருச்சி (முந்தியவர் வேறு, நான் வேறு)

நான் இலவசத்துக்கு ஓடவில்லை, ஒருத்தனுக்கு உதவி செய்யப் போனேன்.

கேம் ஆடுபவர்கள் கூடிப் பேசும் டிஸ்கார்ட் செயலியில் எங்கள் குழுவில் இரண்டு வருடமாக இருக்கும் ஒருவன். ராத்திரி ராத்திரியாகச் சேர்ந்து ஆடியிருக்கிறோம். "காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கேம் பண்ணியிருக்கேன், டெஸ்ட் பண்ணிச் சொல்றியா" என்று ஒரு ஜிப் ஃபைல் அனுப்பினான். அதற்கு ஒரு பாஸ்வேர்டும் கொடுத்தான். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஜிப்பை ஆன்டிவைரஸால் திறந்து பார்க்க முடியாது, அதற்காகத்தான் பூட்டியிருந்தது. அது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. டபுள் கிளிக் செய்தேன். கறுப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறைந்தது. "ஓடலையேடா" என்று பதில் வேறு போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் பெயரில் அதே மெசேஜ், அதே ஜிப், என் நண்பர்கள் எல்லோருக்கும். இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டுத்தான் வைத்திருந்தேன். அது எங்கே போச்சு என்று கேட்பீர்கள். பொருட்காட்சிக்குள் நுழையும்போது டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கையில் ஒரு முத்திரை குத்துவார்களே, நாம் லாகின் ஆனதும் அதே மாதிரி ஒரு முத்திரை நம் கம்ப்யூட்டரில் இருக்கும். அந்த நிரல் அதைத்தான் நகல் எடுத்துக்கொண்டு போகிறது. முத்திரை இருப்பவனிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. பாஸ்வேர்டும் கேட்காது, குறியீடும் கேட்காது.

பாஸ்வேர்டை மாற்றினால் டிஸ்கார்டில் பழைய முத்திரை செல்லாது. நான் செய்த கூத்து, அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தே மாற்றினேன். புதுசையும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அப்பா போனிலிருந்து மாற்றி, விண்டோஸையே அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அந்த நண்பன் பாவம், அவனுக்கும் இன்னொருவனிடமிருந்து இப்படி வந்ததுதான்.

மறுமொழி 5, ஓசூர்

பேராசை என்று சொன்னவருக்கு ஒன்று. 2015 டிசம்பரில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே வெளியிட்ட கணக்கு, மாதம் சுமார் 77,000 ஸ்டீம் கணக்குகள் பறிபோகின்றன என்று. அவர்கள் விவரம் தெரியாத புதியவர்கள் இல்லை, தொழில்முறை வீரர்களும் ட்ரேடர்களும்தான் என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். மொபைல் உறுதிப்படுத்தல் இல்லாத ட்ரேடை நிறுத்திவைக்கும் ஏற்பாடு அந்தச் சமயத்தில் வந்ததுதான், இப்போது 15 நாள் வரை பிடித்துவைக்கும்.

தொடங்கிய அண்ணாவுக்கு: இதே சங்கதி 2025 ஜூலைக்குப் பிறகு நடந்திருந்தால் கத்தி திரும்பியிருக்கும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 பொருட்கள் ட்ரேடில் கைமாறினால் இப்போது ஏழு நாள் பாதுகாப்பில் இருக்கும், அதற்குள் பின்வாங்கலாம். அந்த ஏழு நாளில் செய்த எல்லா ட்ரேடும் சேர்ந்து திரும்பும், 30 நாளைக்கு ட்ரேடும் மார்க்கெட்டும் கிடையாது. அது பரவாயில்லை.

மறுமொழி 6, யாழ்ப்பாணம்

எனக்கு வந்தது வேற மாதிரி. "ஐயோ, மோசடி எண்டு வேற ஒராளை ரிப்போர்ட் செய்யப் போய், தவறுதலா உங்களைச் செய்துபோட்டன், உங்கட கணக்கை மூடப்போறாங்கள். ஸ்டீம் அட்மினோட டிஸ்கார்டில கதையுங்கோ" எண்டு ஒருத்தர். அட்மின் எண்டு வந்தவர் முத்திரை குத்தின சான்றிதழ் எல்லாம் அனுப்பினார். ஸ்டீமின்ர ஆக்கள் டிஸ்கார்டில வந்து கதைக்கமாட்டினம், உதவிப் பக்கத்தில டிக்கெட் போட்டால் அங்கதான் பதில் வரும் எண்டு எனக்கு முதலே தெரியும். ஆனாலும் கரண்ட் இருந்தது, வேலை இருக்கேல்ல, நாப்பது நிமிசம் கதைச்சன். கடைசியா கிஃப்ட் கார்ட் வாங்கி எண்ணை அனுப்பச் சொன்னார், 'சரிபார்த்துப்போட்டுத் திருப்பித் தருவமாம்'. கடை பூட்டிட்டினம், விடிய வாங்கித் தாறன் எண்டன். விடியக் காலமை ஆறு மணிக்கே 'குட் மார்னிங்' வந்தது.

மறுமொழி 7, சேலம்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் போலந்தின் கட்டோவிட்சேயில் கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டி நடந்த சமயம், பிரபல வீரர் பெயரில் யூடியூப் நேரலை, மூலையில் ஒரு க்யூஆர், 'ஸ்கேன் செய்தால் ஸ்கின்'. நேரலை என்பது பழைய வீடியோ, சேனல் யாரோ ஒருவரிடமிருந்து பறித்தது. ஸ்கேன் செய்தேன். வந்த பக்கத்தின் முகவரியில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிவைத்திருந்தார்கள். போன் திரையில் இரண்டும் ஒன்றுதான். எனக்குக் கண்ணாடி பவர் ஏறியிருந்தது, புதுக் கண்ணாடி அன்றைக்குத்தான் வந்தது, பிழைத்தேன்.

தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. திருநெல்வேலி அக்கா, உங்கள் மகனிடம் சொல்லுங்கள், நான் முப்பத்தி நான்கு வயதில் பாஸ்வேர்டை இரண்டு தரம் தட்டிக் கொடுத்தவன் என்று.

சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள், கத்தி போன பிறகு என்ன செய்தேன் என்று. பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு உட்காரக் கூடாது. ஸ்டீமில் ஏபிஐ கீக்கு என்று தனிப் பக்கம் இருக்கிறது, நீங்கள் உருவாக்காத கீ ஏதாவது அங்கே இருந்தால் முதலில் அதை ரத்து செய்யுங்கள். என்னுடையதில் ஏதோ வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. அப்புறம் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, பாஸ்வேர்டையும் ட்ரேட் லிங்க்கையும் மாற்றினேன். கணக்கைவிட்டு வெளியே போன பொருளை ஸ்டீம் திருப்பித் தருவதில்லை, அது அவர்கள் விதி. அந்தக் கத்தி யாரிடம் இருக்கிறதோ.

அந்த நண்பனுக்கும் அவன் கணக்கு திரும்பக் கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் அவனிடமிருந்து எந்த லிங்க் வந்தாலும் தொடுவதற்கு முன்னால் அவனுக்குப் போன் போட்டுவிடுகிறேன். போன வாரம் ராத்திரி வாட்ஸப்பில் ஒன்று வந்தது. கூப்பிட்டேன். "ஏண்டா மாப்ள, அது என் கல்யாணப் பத்திரிகைடா" என்று கத்தினான். நேரில் கொண்டுவந்து வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தால்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.