மறு: அச்சுக்குள் ஊதிய ரோமானியக் கண்ணாடிக்குச் சொல்

> ரோமானியக் கண்ணாடிக் கலங்கள் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். அச்சுக்குள் ஊதிச் செய்தவற்றை 'வார்ப்புக் கண்ணாடி' எனலாமா?

வேண்டாம் ஐயா. வார்ப்பு என்றால் உருக்கி ஊற்றுவது. உருகிய கண்ணாடியை நுனியில் எடுத்து ஊதும் ஊதுகுழல் வருமுன்பே கண்ணாடியை அச்சில் வார்த்தார்கள். தட்டையான வில்லையைச் சூடாக்கி அச்சின்மேல் தொய்யவிட்டும் கிண்ணம் செய்தார்கள். வெளிப்புறம் புடைத்த வரிகள் ஓடும் ரோமானியக் கிண்ணங்கள் பலவும் இப்படித்தான், ஊதியவை அல்ல. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் உங்கள் கட்டுரையே குழம்பிவிடும். கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் ஊதும் முறை பிறந்ததுதானே அதில் செய்தி? அதன்பின் ரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் குடிகலம் கிடைத்ததாகக் கிரேக்கப் புவியியல் எழுத்தாளர் ஸ்திராபோ எழுதுகிறார்.

என் பரிந்துரை 'அச்சூதல்'. அச்சில்லாமல் ஊதுவதற்கு அடைமொழியே வேண்டாம். வெறும் 'ஊதல்' போதும். 'கட்டற்ற ஊதல்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார், காற்றடிப்பது போல இருக்கிறது.

> சிற்பிகளிடம் அச்சுக்குக் 'கரு' என்ற சொல் இருக்கிறதே. 'கருவூதல்' எனலாமே?

நல்ல சொல்தான், ஆனால் இங்கே பொருந்தாது. ஐம்பொன் சிலைக்குக் கட்டும் மண்கருவை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஒரு கரு, ஒரு சிலை. கண்ணாடி அச்சோ துண்டு துண்டாகக் கழன்று மறுபடி கூடும். கி.பி. முதல் நூற்றாண்டின் கண்ணாடிக் கைவினைஞர் என்னியோன் புகழ்பெற்றது இதனால்தான்: 'என்னியோன் செய்தான்' என்று கிரேக்க எழுத்தை அச்சிலேயே செதுக்கிவிட்டால், ஊதும் கலம் ஒவ்வொன்றிலும் பெயர் புடைத்து நிற்கும். 'வாங்குபவர் நினைவில் கொள்க' என்றும் சேர்த்துக்கொண்டார். விளம்பரம் அன்றே தொடங்கிவிட்டது! அச்சுத் துண்டுகள் கூடும் இடத்தில் கலத்தில் விழும் கோட்டுக்கு 'பொருத்துவரி' என்று வைக்கலாம்.

> அப்படியானால் பொருளின் பெயர் 'ஊதுகலம்', 'அச்சூதுகலம்'. ஊதுகுழல் போல வினைத்தொகை, சுருக்கமும்கூட.

அதுதான் சிக்கல். ஊதுகுழல் ஊதும் கருவி. அந்தப் பழக்கத்தில் ஊதுகலத்தையும் வாயில் வைத்து ஊதுவதாகத்தான் படிப்பார்கள். 'ஊதற்கலம்', 'அச்சூதற்கலம்' என்றே இருக்கட்டும்.

கட்டுரையில் அடிப்புறத் தழும்பு பற்றி வருமானால் கவனம். விளிம்பைச் சூட்டில் முடிக்கும்போது கலத்தின் அடியில் ஒட்டிப் பிடிக்கும் இரும்புக்கோலை 'பிடிகோல்' என்றும், அது விட்ட தடத்தை 'கோல்வடு' என்றும் எழுதலாம். ஆனால் ஊதிய கலம் எல்லாவற்றிலும் இது இராது. தொடக்கக் காலக் கலங்கள் பலவற்றைக் குழலிலிருந்து உடைத்தெடுத்து, விளிம்பைத் தேய்த்தே முடித்திருக்கிறார்கள். எனவே ஊதற்கலத்துக்கு வரையறை எழுதும்போது கோல்வடுவைச் சேர்க்காதீர்கள்.