புயல் அடித்த ஊருக்கு பஸ் பிடிப்பதா, பணம் அனுப்புவதா?

அகல்விளக்கு:
டெல்டாவில் புயல் என்றதும் கோயில் அறக்கட்டளை, சர்ச், ஜமாத் என்று ஆளாளுக்கு 40 பேரை ஏற்றி பஸ் விடுகிறார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. 40 பேர் வெயிலில் உழைத்தால் குடிக்க மட்டுமே நாளுக்கு 200 லிட்டர், அதாவது பத்து கேன். சாப்பாடு, கக்கூஸ் தனி. மண்டபத்தில் வீடிழந்த ஜனம் இருக்கும், நீங்கள் எங்கே படுப்பீர்கள்? பஸ் வாடகையை அங்குள்ள பங்குச்சாமிக்கோ பள்ளிவாசலுக்கோ அனுப்பிவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகையில் ரோட்டோரம் பழந்துணி குவிந்து கிடந்தது மறந்துபோச்சா?

மண்சட்டி:
பழந்துணி வேறு, ஆள் வேறு. வீட்டுக்குள் முழங்கால் சேறு நிற்கும்போது பணத்தால் யாரைக் கூப்பிடுவது? கூலிக்கு வருகிறவர் வீட்டிலும் அதே சேறுதான். ஈரத்தோடு வழித்தால் உண்டு, நாலு நாள் காய்ந்தால் கடப்பாரை வேண்டும். வீட்டுக்கு ஆறு பேர் போதும்: மண்வெட்டிக்கு இரண்டு, சட்டி கைமாற்ற மூன்று, சாமான் பிரித்து வைக்க ஒருவர். உள்ளறையில் தொடங்கி வாசலுக்கு வரவேண்டும். சேற்றைச் சாக்கடையில் மட்டும் தள்ளாதீர்கள், அடுத்த மழைக்கு அதே வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்.

லைன்மேன்72:
காலை வைக்கும் முன் மெயினை ஆஃப் செய்யுங்கள். "ஊருக்கே கரண்ட் இல்லையே" என்பார்கள். தெருவில் ஒருத்தர் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (வீட்டை வெளி லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றுவது) இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் செருகியிருந்தால் போதும், அந்தக் கரண்ட் லைனுக்கு ஏறி, அறுந்து கிடக்கும் கம்பிக்கு உயிர் வந்துவிடும். வேரோடு சாய்ந்த மரம் இன்னும் மோசம். தண்டை அறுத்து பாரம் குறைந்ததும் அடிக்கட்டை வேர்மண்ணோடு சடாரென்று நிமிர்ந்து குழிக்குள் உட்காரும். வேர்ப்பக்கம் பிள்ளைகள் நிற்கவே கூடாது. பவர் சா பழகிய ஆள் இல்லாத குழு மரத்தைத் தொடவேண்டாம்.

அகல்விளக்கு:
தொட்டாலும் வம்புதான். கஜா புயலில் (2018 நவம்பர் 16) அரசு அறிவித்தது தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. வி.ஏ.ஓ. எண்ணும் முன்பே சேவை என்று தோப்பைச் சுத்தம் செய்தால் சம்சாரி எதைக் காட்டிப் பணம் கேட்பார்? இடிந்த சுவருக்கும் இதே கதைதான்.

மண்சட்டி:
அதற்கு பஸ்ஸையே நிறுத்துவானேன்? கணக்கெடுப்பு முடிந்த தோப்பு, முடிந்த வீடு என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். தூக்கிப்போடும் கட்டில், மிக்சி எல்லாவற்றையும் வீட்டுக்காரர் போனிலேயே போட்டோ எடுத்து வையுங்கள்.

கிணற்றடி:
கிணறு பற்றி யாரும் பேசவில்லை. பெரும்பாலான குழுக்கள் பிளீச்சிங் பவுடரை அள்ளி அப்படியே கொட்டிவிட்டுப் போகின்றன. விட்டத்தின் வர்க்கத்தை நீரின் ஆழத்தால் பெருக்கி, அதை 0.785-ஆல் பெருக்கினால் கன மீட்டர்; அதை 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர். வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர், வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 5 கிராம், ஆக இங்கே 140 கிராம். இரண்டு வாளியில் பிரித்துக் களிபோலக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் இறக்குங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு, அது கிணற்றுக்குள் போனால் தண்ணீர் கடின நீராகிவிடும். ஒரு மணி நேரம் விட்டு, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்கிறதா என்று பாருங்கள். திறந்து கிடந்த பை என்றால் வீரியம் போயிருக்கும், கணக்கு தப்பும்.

கடலோரத்தில் கிணற்றை ஒரேயடியாக இறைக்காதீர்கள், அடியிலிருந்து உப்பு ஏறும். சேற்றில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் வாரம் ஒருமுறை போடுவது வழக்கம். டாக்டரைக் கேட்டு, சாப்பிட்ட பிறகு. கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

அகல்விளக்கு:
இதையெல்லாம் செய்கிற குழு இருந்தால் கும்பிடுகிறேன். ஆனால் உள்ளூர் கோயிலோ சர்ச்சோ தரும் பட்டியலில் அவர்கள் ஆட்கள்தான் முதலில் வருவார்கள். சுனாமியின்போது பல ஊர்களில் தலித் குடும்பங்கள், படகு இல்லை என்பதால் பாதிக்கப்பட்டவர் கணக்கிலேயே சேரவில்லை.

மண்சட்டி:
அதே பங்குச்சாமியிடம் பணத்தைக் கொடுக்கச் சொன்னவர் நீங்கள்தானே, சார்! பட்டியலை அங்கன்வாடி டீச்சரோடு தெருத்தெருவாக நடந்து எடுங்கள். மெயின்ரோட்டில் வண்டியை நிறுத்திக் கொடுத்தால் ஒரே வீட்டுக்கு நாலு தார்ப்பாய் போகும், காலனிக்கு ஒன்றும் போகாது.

அகல்விளக்கு:
சரி, கேட்டது தப்பில்லை. பணமும் அந்தப் பட்டியல்படியே போகட்டும். ஆனால் அரிசி கொடுக்கும் முன் ஜெபம், பஜனை, துஆ எதுவும் கூடாது. உதவியை மதக் கருத்து பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-லேயே நடத்தை விதி எழுதிவிட்டன.

மண்சட்டி:
ஜெபம் எங்கள் முகாமுக்குள் காலையில் முடிந்துவிடும். பேனர் மட்டும் வண்டியில் வேண்டும், இல்லாவிட்டால் செக்போஸ்ட்டில் மறித்துவிடுவார்கள்.

லைன்மேன்72:
அதற்கு பேனர் எதற்கு? கலெக்டர் ஆபீஸ் கடிதம், ஆட்கள் பெயர், வண்டி நம்பர் மூன்றையும் கண்ணாடியில் ஒட்டுங்கள். 40 பேர் பஸ்ஸை விட 12 பேர் டெம்போ நல்லது. விழுந்த போஸ்ட்டுக்கு நடுவே பஸ் திரும்பாது.