பினாங்கு வெல்ட் கீ பழைய கிட்டங்கிகள் (சரக்குக் கிடங்குகள்): புதுப்பித்தபின் கண்ணில் பட்டதைப் பகிருங்கள்

கடலோரம்:
அரசுப் பணத்தில் புதுப்பித்த கிட்டங்கி. சாயம் அடித்து ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, இடுப்புயரம் வரை கொப்புளம். விரல் பட்டாலே செங்கல் மாவாக உதிர்கிறது. நாக்கில் வைத்தால் உப்பு. அந்தக் கரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். தரையோ 1880களில் கடலைத் தூர்த்த மண். ஏறி வரும் உப்பீரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் காய்கிறது, உப்பு படிகமாகிச் செங்கல் முகத்தைப் பிளக்கிறது. சிமெண்டைக் கை உளியால் கொத்தி எடுக்க வேண்டும். மெஷின் வைத்தால் செங்கல் விளிம்பு போய்விடும். காகிதக் கூழும் வெள்ளைக் களிமண்ணும் நல்ல தண்ணீரில் குழைத்து அப்பி, காய்ந்ததும் உரித்து, உப்பு குறையும்வரை மறுபடி மறுபடி அப்ப வேண்டும். பிறகு 1 பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு 3 பங்கு கழுவிய ஆற்று மணல். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டர் போதும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு மூன்று நாளாவது ஈரம் காக்காவிட்டால் வெடிப்பு விடும்.

பிறைக்காரர்:
அண்ணே, சுண்ணாம்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் அது இரண்டாவது வேலை. தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து, கட்டட முகப்பில் இருக்கும் அஞ்சடி நடைபாதை தாழ்ந்து கிடக்கிறது. கடல் ஏறும் நேரத்தில் மழையும் பிடித்தால் வாய்க்கால் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். போதாததற்குத் தரையில் காங்கிரீட்டும் பளபளப்பான டைல்ஸும் போட்டிருக்கிறார்கள். தரை வழியாகப் போகவேண்டிய ஈரம் சுவரில் ஏறாமல் எங்கே போகும்?

கடலோரம்:
வாய்க்காலைச் சரிசெய்தாலும் செங்கல்லுக்குள் ஏற்கெனவே போன உப்பு அங்கேயேதான் இருக்கும், தம்பி.

தண்ணிமலை அடிவாரம்:
இருவரும் சுவரைவிட்டுக் கீழே பாருங்கள். பக்கத்து மனையில் அடித்தளம் தோண்டி, நிலத்தடி நீரை இறைக்க ராத்திரி பகலாகப் பம்பு ஓடியது. இங்கே கதவு நிலை சாய்ந்து தாழ்ப்பாள் விழவில்லை. கட்டடத்துக்கு அடியில் இறக்கிய பாக்காவ் கட்டை (கண்டல் மரம்) தண்ணீருக்குள் இருக்கும்வரை கெடாது. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் தலைப்பகுதி மக்கும். பம்பு ஓடுமுன் குழாய் இறக்கி நீர்மட்டம் குறியுங்கள். விரிசல் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டித் தேதி எழுதுங்கள். சில்லு உடைந்தால் கட்டடம் இன்னும் அசைகிறது.

இன்னொன்று. லண்டனின் பழைய துறைமுகப் பகுதியான டாக்லண்ட்ஸைப் புதுப்பிக்க 1981இல் அரசு தனிக் கழகம் அமைத்தது. 1987இல் வந்த இலகு ரயில் சிறியது. 1991இல் அங்கே கேனரி வார்ஃப் அலுவலகக் கோபுரம் எழுந்ததும் அந்த ரயில் போதவில்லை. கழகத்தை 1998இல் கலைத்தார்கள், அங்கே ஜூபிலி ரயில் வந்தது 1999இல். புதுப்பித்த அமைப்பு போனபின்னும் வேலை மிச்சமிருக்கும். இங்கே கிட்டங்கி வாடகைக்கு எடுப்பவர்கள் கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள்: பூச்சுக் கலவை என்ன, நீர்மட்டக் குறிப்பு யாரிடம் இருக்கிறது, மறு வெள்ளையடிப்பும் வாய்க்கால் தூர்வாருவதும் யார் செலவு. வாய்வார்த்தை வேண்டாம், ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.