பதினொரு பேரை யார் எழுதுவது? கால்பந்து அணி முதலாளியும் பயிற்றுவிப்பாளரும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பொகவந்தலாவையிலிருந்து:

ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் இங்கிலாந்தின் செல்சி கழகத்தை வைத்திருந்த காலத்தில் பயிற்றுவிப்பாளர்களை மாற்றிய வேகம் எல்லாருக்கும் தெரியும். 2012 மே மாதம் மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வென்று கொடுத்த டி மத்தேயோவை அதே வருடம் நவம்பரில் அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இங்கிலாந்துக் கழகமான லெஸ்டருக்கு 2016இல் லீக் பட்டம் எடுத்துத் தந்த ரனியேரிக்கு 2017 பெப்ரவரி வரைதான் இடம் இருந்தது. அதெல்லாம் கொடுமைதான். ஆனால் பயிற்றுவிப்பாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே அவருடைய வேலையை முதலாளி செய்வது இருக்கிறதே, அதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கொடுமை. அதைக் கிட்ட இருந்து பார்த்தவன் நான்.

எங்கள் தேயிலைத் தோட்ட அணிக்கு டவுனில் வியாபாரம் செய்யும் ஒருவர் அனுசரணை. ஜெர்சி, பந்து, நுழைவுக் கட்டணம், வேன் வாடகை, பகல் சாப்பாட்டுப் பார்சல் எல்லாமே அவர் கைக்காசு. அதை மறக்கக்கூடாது. அவர் வருவதற்கு முன்னால் சம்பளத்தன்று தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் போய்க் காசு சேர்த்துத்தான் பந்து வாங்கினோம். பயிற்றுவிப்பாளர் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சதம் வாங்கியதில்லை. எங்களுக்காக வேலையைப் பாதியில் விட்டு, அரைநாள் சம்பளமான அரைப்பேரோடு மைதானத்துக்கு வந்த நாட்களும் உண்டு.

தலவாக்கலைப் பக்கம் ஒரு சுற்றுப்போட்டி, அரையிறுதி. அந்த மைதானம் சமமில்லை. தேயிலை மலைப் பக்கம் உயரம், ரோட்டுப் பக்கம் பள்ளம். எங்கே உதைத்தாலும் பந்து கடைசியில் ரோட்டுப் பக்கம்தான் உருளும். முதல் பாதியில் எங்கள் இடது பின்வரிசை அந்தப் பக்கம் வருகிறது. அதனால் மாஸ்டர் அங்கே ஒரு பையனைப் போட்டார். வேகம் கம்மி, ஆனால் நின்ற இடத்தை விடமாட்டான். ஒற்றை ரூல் கொப்பித் தாளில் பதினொரு பேரையும் எழுதி முடித்திருந்தார்.

முதலாளி காரிலிருந்து இறங்கி வந்து தாளைக் கேட்டார். பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நீலப் பேனையை எடுத்து அந்தப் பையனின் பெயரை வெட்டி, மேலே வேறொரு பெயரை எழுதினார். முந்தின ஆட்டத்தில் கோல் போட்ட முன்வரிசைக்காரன் அவன். “இவன் நல்லா ஓடுவான், இவனப் போடுங்க” என்றார்.

“ஐயா, அந்தப் பக்கம் ஓடுறவன் வேணாங்க. நிக்கிறவன்தான் வேணும்.”

“காசு போடுறவன் நான். எனக்கு இதுகூடத் தெரியாதா?”

மாஸ்டர் ஒன்றும் பேசாமல் தாளைக் கப்டனிடம் கொடுத்தார். பந்தோடு மேலே ஓடிய பையன் திரும்பி வருவதற்குள் எதிரணி அதே ரோட்டுப் பக்கமாக இறங்கிக் கோல் போட்டது. மறுபடியும் அப்படியே ஒன்று. தோற்றோம்.

தோல்விகூடப் பரவாயில்லை. அன்றிலிருந்து பையன்கள் மாஸ்டர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். யாரையாவது வெளியே உட்காரச் சொன்னால் அன்று ராத்திரியே முதலாளிக்குப் போன் போகும். பயிற்சிக்குப் பிந்தி வந்தவனைக் கண்டித்தால் அவன் சிரிக்கிறான். முட்டி வலி என்று சொல்லி மாஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாக வருவதை நிறுத்தினார். முட்டியில் வலி இருந்தால் அந்த மலையில் கவ்வாத்து வெட்ட முடியுமா?

யாரைப் பயிற்றுவிப்பாளராக வைப்பது, எவ்வளவு செலவு செய்வது, பருவம் முடிந்ததும் அவரை வைத்திருப்பதா மாற்றுவதா, இதெல்லாம் முதலாளி முடிவு செய்யட்டும். ஆட்டத்துக்குப் போகும் தாள் மட்டும் அவர் கைக்குப் போகக்கூடாது.

ஹட்டனிலிருந்து:

அண்ணே, நான் மறுபக்கத்து ஆள். கடை வைத்திருக்கிறேன், ஒரு அணிக்குச் செலவும் செய்கிறேன். நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் காசு கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு என்றால் அது நியாயமில்லை.

எங்கள் பயிற்றுவிப்பாளர் தோட்டத்து மேற்பிரிவுப் பையன்களை மட்டுமே ஆடவிட்டார். கீழ்ப்பிரிவுப் பையன்கள் மழையிலும் நடந்து வந்து பயிற்சி எடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களுடைய அப்பா அம்மா என் கடை வாசலில் வந்து நின்றபோது நான் என்ன சொல்வது? நேரே போய், “ஏன் சேர் இப்படி?” என்று கேட்டேன். இன்னாரைப் போடுங்கள் என்று சொல்லவில்லை. அவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு இரண்டு பிரிவையும் மோதவிட்டுப் பார்ப்போம் என்று அவரே சொன்னார். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கீழ்ப்பிரிவிலிருந்தும் ஆள் எடுத்தார். யாரை எடுத்தார் என்பது எனக்கு மைதானத்தில்தான் தெரியும்.

கேள்வி கேட்கிற உரிமை எனக்கு வேண்டும். ஜெர்மனியில் கழகத்து வாக்குகளில் பாதிக்கு மேல் அங்கத்தவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. லெவர்குசன், வொல்ஃப்ஸ்பேர்க் போன்ற ஓரிரு கழகங்களுக்குத்தான் விலக்கு. அங்கேயும் அங்கத்தவர்கள் பதினொரு பேரை எழுதுவதில்லை, ஆனால் கணக்குக் கேட்கிறார்கள்.

அவசரம் எனக்கும் உண்டு, மறைக்க மாட்டேன். பெர்குசன் 1986 நவம்பரில் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்குப் பயிற்றுவிப்பாளராக வந்தார். முதல் கிண்ணம் 1990இல்தான். நடுவில் நிர்வாகம் பொறுமை இழந்திருந்தால் 2013 வரை வந்த கிண்ணங்கள் ஏது? என் அணி தோற்கிற நாளில் இதை எனக்கே சொல்லிக்கொள்வேன்.

மஸ்கெலியாவிலிருந்து:

முதலாளி உள்ளே நுழைத்த பையனைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் அப்படி ஒருத்தன். மாமாதான் அணிக்குக் காசு போட்டார், என்னையும் போடச் சொன்னார். ஆட்டத்தில் வலது பக்கம் தனியாக நின்று கையைத் தூக்கிக் கேட்பேன். என்னைப் பார்ப்பார்கள், பந்தை வேறு பக்கம் தள்ளிவிடுவார்கள். இத்தனைக்கும் அடுத்த ஆட்டத்தில் என்னை இறக்கத்தான் இருந்தேன் என்று பயிற்றுவிப்பாளரே பின்னால் சொன்னார். மாமா ஒரு வாரம் பொறுத்திருந்தால் என் கால் பலத்தால் உள்ளே வந்திருப்பேன். பிறகு நோர்வூட் பக்கம் மாமாவை யாருக்கும் தெரியாத ஒரு அணிக்குப் போனேன். முதலில் பெஞ்சில்தான் உட்காரவைத்தார்கள். இறக்கிவிட்ட அன்று பந்து வந்தது.

கம்பளையிலிருந்து:

ஜெர்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அனுசரணையாளர் கடைப் பலகை நிறத்துக்கு ஜெர்சியை மாற்றச் சொன்னார், பெரியவர்கள் விடவில்லை. நீலப் பறவைகள் என்று பெயர் பெற்ற கார்டிஃப் அணிக்கு 2012இல் அதன் உரிமையாளர் வின்சன்ட் டான் சிவப்பு ஜெர்சி போட்டார். இங்கிலாந்தின் மேல்மட்டமான பிரீமியர் லீக்குக்கு அணியை ஏற்றிவிட்ட பயிற்றுவிப்பாளர் மக்காயையும் 2013 டிசம்பரில் நீக்கினார். ரசிகர்கள் விடாமல் நின்றதால் 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. மக்காய் திரும்பவில்லை.

மறுபடியும் பொகவந்தலாவையிலிருந்து:

ஹட்டன் தம்பி சொன்ன கேள்வி கேட்கும் உரிமையை ஒத்துக்கொள்கிறேன். அதை ஆட்டத்துக்கு முதல் நாள் கேட்கட்டும், இல்லை மறுநாள் கேட்கட்டும். மைதானத்து ஓரத்தில் பையன்கள் காதுபடக் கேட்கக்கூடாது.

எங்கள் அணிக்கு இப்போது புது அனுசரணை பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை யார் எதை முடிவு செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கப் போகிறோம். அது நடந்தால் மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட எனக்கும் முகம் இருக்கும். உங்கள் தோட்டத்தில் யாராவது இப்படி எழுதி வைத்திருந்தால் அதிலுள்ள விஷயங்களை இங்கே போடுங்கள். குறிப்பாக, இடைவேளையில் முதலாளி பையன்களிடம் பேசலாமா என்பதற்கு என்ன எழுதினீர்கள்? எங்களுக்குள் அதில்தான் இன்னும் இழுபறி.