மழையில் போன உருளைக்கிழங்கு, லீக்ஸ்: இழப்பீட்டுக்கு எங்கே போவது?

கேள்வி (கந்தப்பளை): 40 பேர்ச் உருளைக்கிழங்கு, 20 பேர்ச் லீக்ஸ், மண்சரிந்து மூடிவிட்டது. காணி தோட்டத்துக்குரியது, என் பெயரில் காணி உறுதி (பத்திரம்) இல்லை. பணம் கிடைக்குமா?

பதில் 1: முதலில் மண்ணை அள்ளாதீங்க. அதிகாரி வந்து பார்க்கும்போது வயல் சுத்தமாக இருந்தால் சேதம் எதுவென்று எப்படி எழுதுவார்? அடையாளமாக ஒரு வீடோ கம்பமோ தெரிகிற மாதிரி போட்டோ எடுங்க. பிறகு கிராம சேவகர், கமநல சேவை நிலையம் (விவசாயிகளுக்கான அரச அலுவலகம்) இரண்டு இடத்திலும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்க.

பதில் 2: இரண்டு பயிரையும் தனித்தனியாக எழுதுங்க அண்ணே. அரசின் இலவசப் பயிர்க் காப்புறுதி நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆறுக்குமாகத் தொடங்கியது. லீக்ஸ் அந்த ஆறில் இல்லை. வெள்ள நிவாரணம் என்று தனியாக அறிவித்தால்தான் உண்டு. தொடங்கியபோது இருந்த ஏக்கருக்கு 40,000 ரூபாய் உச்சம் என்ற கணக்கில், 160 பேர்ச் ஒரு ஏக்கர், உங்கள் 40 பேர்ச்சுக்கு 10,000. அதுவும் முழுச் சேதம் என்றால்தான். விதைக்கிழங்குச் செலவுக்கே காணாது, அது வேறு கதை.

பதில் 3: உறுதி இல்லாததுதான் சிக்கல். கமநல நிலையத்து விவசாயிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா பாருங்க. இல்லையென்றால் அங்கே பயிரிடுவது நீங்கள்தான் என்று தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் கேளுங்க, பரப்பளவும் அதில் இருக்கட்டும். அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கணும். தகப்பன் பெயரின் முதலெழுத்து மாறினாலும் பணம் திரும்பிப் போகலாம். நெடுநாள் பாவிக்காத கணக்கு என்றால் இப்பவே உயிர்ப்பிச்சிருங்க.