பிரைமரியில் மூணே நாளில் ஆதரவு எப்படித் தாவுது?

அஸ்தம்பட்டி வாக்காளன்:
2020 அமெரிக்க ஜனநாயகக் கட்சி பிரைமரி (ஜனாதிபதி வேட்பாளர் யார்னு கட்சிக்குள்ளே மாநிலம் மாநிலமா நடக்கிற ஓட்டு) பற்றி ஒரு சந்தேகம். பைடன் அயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் ஜெயிக்கிறார். மார்ச் 3 சூப்பர் டியூஸ்டே, அதாவது பல மாநிலம் ஒரே நாளில் ஓட்டுப் போடும் செவ்வாய்; அன்னைக்கு 14 மாநிலத்தில் 10 அவருக்கு. நம்ம சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதி. 2016-ல் அதிமுகவுக்கு 10, 2021-ல் பாமகவோடு சேர்த்து அதே 10. ரெண்டு தடவையும் சேலம் வடக்கு மட்டும் திமுக. அஞ்சு வருஷத்தில் இங்கே அசையாத கணக்கு அங்கே மூணு நாளில் எப்படிப் புரளுது? கணிப்பு தப்பா, இல்லை ஜனங்க மனசே மாறுதா? கணக்கோடு சொல்லுங்க.

செவ்வாய்ப்பேட்டை:
ரெண்டும் வேற வேற ஓட்டுங்க. இங்கே இலைக்குப் போட்டவர் சூரியனுக்குப் போடணும்னா கட்சியே மாறணும். பிரைமரியில நிக்கிறவங்க எல்லாரும் ஒரே கட்சி. சீசன்ல மாம்பழம் வாங்க வந்தவர், மல்கோவா தீர்ந்துட்டா இமாம்பசந்த் எடுப்பார், அது விலை கட்டலைன்னா சேலம் குண்டு. வெறும் பையோட திரும்ப மாட்டார்.

அந்த வாரத்தை வரிசையா பாருங்க. பிப்ரவரி 26-ல தென் கரோலினா எம்.பி. ஜிம் கிளைபர்ன், பைடனுக்கு ஆதரவுன்னு அறிவிச்சார். 29-ல அங்கே பாதிக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டோட பைடன் ஜெயிச்சார். போட்டியில இருந்த புட்டிஜெட்ஜ் மார்ச் 1-ல விலகல், இன்னொரு வேட்பாளர் குளோபுச்சர் 2-ல விலகல், அன்னைக்கே ரெண்டு பேரும் டல்லாஸ்ல பைடன் பக்கம். பைடனோட முக்கியப் போட்டியாளர் சாண்டர்ஸ் ஓட்டு ஒண்ணும் கொட்டிப்போகலை. எதிர்ல சிதறிக் கிடந்தது ஒரே கூடைக்கு வந்துருச்சு.

இதுல ஒரு ஓட்டை உண்டு. கலிபோர்னியாவுல தபால் ஓட்டுச் சீட்டு ஒரு மாசம் முன்னாடியே வீட்டுக்கு வந்துரும். புட்டிஜெட்ஜுக்குப் போட்டு அனுப்பினவர் அதைத் திரும்ப வாங்க முடியாது. அதனால கடைசி நேரத் தாவல், தபால் ஓட்டு அதிகமுள்ள மாநிலத்துல பாதிதான் தெரியும்.

ஐந்து ரோடு:
மேலே சொன்னது சரி. ஆனால் ஓட்டு சதவீதத்தைவிட டெலிகேட் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி) கணக்குதான் ஆளைக் கவிழ்க்கும். ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் தொடாதவருக்கு டெலிகேட் கிடையாது. மாநில அளவில் தனியாக, ஒவ்வொரு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதியிலும் தனியாக இந்த வரம்பைப் பார்ப்பார்கள்.

ஒரு தொகுதியில் 5 டெலிகேட் என்று வையுங்கள். அ 40, ஆ 30, இ 14, மீதி சில்லறை. வரம்பைத் தாண்டியவர்கள் ரெண்டே பேர், கூட்டினால் 70. அ-வுக்கு 40/70 × 5 = 2.86, ஆ-வுக்கு 2.14. முழு எண் 2, 2 போக மிச்சமுள்ள ஒன்று பெரிய பின்னம் உள்ளவருக்கு. முடிவு 3–2.

இப்போது இ-க்கு 16 ஆகட்டும், அ, ஆ அப்படியே. கூட்டு 86. அ 2.33, ஆ 1.74, இ 0.93. முழு எண்ணாக 2, 1, 0 கொடுத்தபின் மிச்சம் ரெண்டு. அவை இ-க்கும் ஆ-வுக்கும். முடிவு 2–2–1. முதலாவதாக வந்தவருக்கு ஒரு ஓட்டுகூடக் குறையவில்லை, முன்னிலை போய்விட்டது.

2020 வரை அயோவா காக்கஸில் (ஓட்டுப் பெட்டிக்குப் பதில் கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுப்பது) இதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. நம்ம ஊர் கிராம சபை மாதிரி ஒரே அறையில் அவரவர் வேட்பாளர் பக்கம் கூடி நின்றார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் சேராத கும்பல் கலைந்து வேறு பக்கம் போக முடிந்தது. 2020-ல் முதல் எண்ணிக்கையிலேயே வரம்பைத் தாண்டியவர்கள் நகரக்கூடாது என்று விதி.

பகோடா பாயிண்ட்:
கணிப்பு பற்றி யாரும் சொல்லலையே. 600 பேரைக் கேட்டால் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 4 புள்ளி என்று போடுவார்கள். அது ஒருத்தர் எண்ணுக்கு மட்டும்தான். 30-க்கும் 25-க்கும் நடுவே உள்ள 5 புள்ளி முன்னிலைக்குப் பிழை வரம்பு சுமார் 6. அந்த முன்னிலை நிஜமா, தற்செயலா என்று அடித்துச் சொல்ல முடியாது. டிவிக்காரர்கள் அதைத்தான் 'அலை' என்பார்கள்!

இன்னொன்று, எந்தத் தேதியில் கேட்டார்கள் என்று பாருங்கள். 2008-ல் அயோவா ஜனவரி 3, நியூ ஹாம்ப்ஷயர் ஜனவரி 8. இடையில் எடுத்த கணிப்புகளில் பெரும்பாலும் ஒபாமாதான் முன்னிலை, ஜெயித்தது ஹிலாரி. ஐந்தே நாள் இடைவெளியில் கடைசி நாள் முடிவெடுப்பவர் கணிப்பில் சிக்க மாட்டார். மேலும், நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் ரெண்டு பிரைமரியில் எதில் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். அவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று ஊகித்துத்தான் எண் போடுகிறார்கள்.

அஸ்தம்பட்டி வாக்காளன்:
5 டெலிகேட் கணக்கு புரிஞ்சுது, நன்றிங்க. குடியரசுக் கட்சியிலும் இதே 15 தானா?

ஐந்து ரோடு:
இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2016 தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம், டெலிகேட் 50-ம் அவருக்கே. கிட்டத்தட்ட நம்ம ஊர் முறைதான்: 2021 மேட்டூரில் 656 ஓட்டு கூட வாங்கியவர் எம்.எல்.ஏ. அப்படிப்பட்ட மாநிலத்தில் எதிரணியில் மூணு பேர் விலகாமல் நின்றாலே போதும், முன்னால் இருப்பவர் 30 சதவீதத்தோடு நிம்மதியாகத் தூங்கலாம்.